செல்லாக்காசுக்கு ஏலம்

2013 ஏப்ரலில் ஒரு மாதம் முழுக்க நான் ஓர் அஞ்சு சென்ட் காசைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். வாங்குகிற வசதி இருந்தால் பேசிக்கொண்டா இருப்பேன்? சிகாகோவுக்குப் பக்கத்தில் ஷாம்பர்க் என்றொரு ஊர். அங்கே ஏப்ரல் 25ஆம் தேதி ஹெரிடேஜ் என்ற ஏல நிறுவனம் அந்தக் காசை ஏலம் விடப்போகிறது. 25 லட்சம் டாலராவது போகும் என்று மதிப்பு போட்டிருந்தார்கள். அதைக் கேட்கிற ஆட்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். வேடிக்கை பார்க்கக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதில் சேலத்தில் நாங்கள் ஏழு பேர்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவோம். டெஸ்க் மேல் ஆல்பங்களைப் பரப்பி, பூதக்கண்ணாடியைக் கை மாற்றிக்கொண்டு, சோழர் காசிலிருந்து ஓட்டைக் காலணா வரைக்கும் பேச்சு போகும். அந்த மாதம் ஆளுக்கொரு தொகை சொல்லிப் பந்தயம் கட்டினோம். முப்பது லட்சம் என்றார் ஒருவர், ஐம்பது என்றார் இன்னொருவர். எங்களில் மூத்தவர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கேஷியர் ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் தொகையே சொல்லவில்லை. "அந்தக் காசு இருந்த பீரோவையும் சேர்த்து ஏலம் விடறாங்களான்னு கேளுங்க தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பீரோ கதைக்கு வருவதற்கு முன்னால் காசின் கதை.

அமெரிக்க அஞ்சு சென்ட் காசில் 1883 முதல் 1912 வரை லிபர்ட்டி என்ற பெண்ணின் தலை இருந்தது. சார்லஸ் பார்பர் வடித்தது. 1913இல் அதை எடுத்துவிட்டு ஒரு பக்கம் அமெரிக்கப் பூர்வகுடி ஒருவரின் முகம், மறுபக்கம் காட்டெருமை என்று புது வடிவம் வந்தது. ஆகவே லிபர்ட்டி தலையோடு 1913 என்ற வருஷம் போட்ட காசு இருக்கவே கூடாது. காசு அடிக்கிற பிலடெல்பியா அக்கசாலையின் கணக்கிலும் அப்படி ஒரு காசு அடித்ததாகப் பதிவில்லை. ஆனால் இருக்கிறது. சரியாக ஐந்து.

எப்படி வந்தது? சாமுவேல் பிரவுன் என்பவர் அதே அக்கசாலையில் வேலை பார்த்தவர், 1913லேயே வேலையை விட்டவர். 1919 டிசம்பரில் நாணயவியல் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுக்கிறார்: 1913 லிபர்ட்டி அஞ்சு சென்ட் காசு யாரிடமாவது இருந்தால் 500 டாலர் தருகிறேன். அப்படி ஒரு காசு உண்டு என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த இதழில் தொகை 600 ஆகிறது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த நாணயவியல் சங்க மாநாட்டுக்கு அவரே அந்தக் காசோடு வந்து நிற்கிறார். திருடிய மாட்டுக்கு முதலாளி தானே என்று காட்ட, 'என் மாட்டைப் பார்த்தீர்களா' என்று ஊரெல்லாம் விசாரித்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும், அப்படி. அவர்தான் அடித்தார் என்பதற்குச் சாட்சி கிடையாது, ஊகம்தான். ஆனால் இந்த ஊகத்தை மறுத்துப் பேசுகிற சேகரிப்பாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அப்புறம் ஐந்தும் கர்னல் கிரீன் என்ற பெரும் பணக்காரரிடம் போய்ச் சேர்ந்தன. 1936இல் அவர் இறந்த பிறகுதான் பிரிந்தன. அதற்குள் ஊர் முழுக்கத் தேட ஆரம்பித்துவிட்டது. காரணம் டெக்சாஸ் மாநிலம் போர்ட் வொர்த்தில் இருந்த மேக்ஸ் மெஹல் என்ற நாணய வியாபாரி. 1913 லிபர்ட்டி காசு கொண்டுவந்தால் 50 டாலர் என்று பத்திரிகை பத்திரிகையாக விளம்பரம் செய்தார். பொருளாதார மந்த காலம், 50 டாலர் சின்னப் பணமா? ஜனங்கள் சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மெஹலுக்கு ஒரு காசுகூட வரவில்லை. ஐந்தும் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்த பிறகு எப்படி வரும்? அவர் விற்றது வேறு: பழைய காசு விலைப்பட்டியல் புத்தகம். அது லட்சக்கணக்கில் போயிற்று.

இதைப் படித்தபோது நம்ம ஊர் வாட்ஸப் ஞாபகம்தான் வந்தது. 'டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு இருக்கிறதா, நீங்கள் லட்சாதிபதி.' ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டு, பழைய நோட்டு காசு வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று மோசடி நடப்பதாக அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. மெஹலாவது புத்தகம் கொடுத்தார்.

ஐந்தில் ஒன்றை எலியாஸ்பர்க் என்ற சேகரிப்பாளர் வைத்திருந்தார். அது 1996இல் 14,85,000 டாலருக்குப் போய், பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் காசு என்று பெயர் வாங்கியது. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் போய்விட்டது. இன்னொன்று மெக்டெர்மாட் என்ற மில்வாக்கி ஆளிடம் இருந்தது. இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காசைப் பெட்டகத்தில் பூட்டாமல் மதுக்கடைக்குக் கொண்டுபோய் எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டுவாராம். அதனாலேயே ஐந்தில் அதிகம் தேய்ந்தது அதுதான். தரக் கணக்கில் கடைசி இடம், ஆனால் அதிகம் பேர் தொட்ட காசு. அதுவும் பிறகு அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குக் கொடையானது. அருங்காட்சியகம் போன காசு திரும்பி வராது. ஆக, சந்தைக்கு வரக்கூடியவை மூன்றே மூன்று. அதுவும் சாவு, கடன், பாகப்பிரிவினை இந்த மூன்றில் ஒன்று வந்தால்தான் வரும். ஒரு சேகரிப்பாளருடைய ஆயுளில் இரண்டு வாய்ப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏலத்துக்கு முன்னால் அந்தக் கூட்டத்துக்குப் பித்துப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

நாங்கள் காத்திருந்தது அந்த மூன்றில் ஒன்றுக்கு. வால்டன் காசு.

ஜார்ஜ் வால்டன் சேகரிப்பாளர், வியாபாரியும்கூட. 1945 வாக்கில் இந்தக் காசை வாங்கினார். 1962 மார்ச் 9ஆம் தேதி வட கரோலைனாவில் வில்சன் என்ற ஊரில் நடந்த நாணயக் கண்காட்சிக்குக் காரில் போகும்போது விபத்தில் இறந்துபோனார். விபத்து நடந்த இடத்திலிருந்து பொறுக்கியெடுத்த நூற்றுக்கணக்கான காசுகளில் இதுவும் ஒன்று. சொத்தைப் பங்கு பிரிக்கும்போது, பெயர் பெற்ற ஒரு நாணய நிறுவனத்திடம் காட்டினார்கள். வருஷத்தைத் திருத்தியிருக்கிறார்கள், இது போலி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் விலை போயிற்று. இது மட்டும் தங்கைக்கு வந்தது. அந்த அம்மாள் இருந்தது வர்ஜீனியாவில் சேலம் என்ற ஊர்! (எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் இந்தக் காசின் கட்சியில் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.) அண்ணன் ஞாபகமாக, போலிக் காசை பீரோவுக்குள் வைத்தார். முப்பது வருஷத்துக்குப் பிறகு அவரும் போய்விட்டார். காசு பீரோவிலேயே இருந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் எனக்கு நடந்தது நேர் எதிர்.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ரூபாய் சேகரிப்பாளர்களின் கனவு. 1938 ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கும். 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட 1939, பழைய 91.7 சதவீத வெள்ளியில் கொஞ்சமே வெளியே வந்தது. 2009இல் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த கண்காட்சியில் ஒரு வியாபாரி என் கையில் ஒன்றை வைத்தார். இருபத்திரண்டாயிரம் கேட்டார். சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வராத தொகை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். மனசு எங்கே கேட்டது? இன்னொருவர் கைக்குப் போய்விடுமோ என்கிற பதற்றத்தில் ஏ.டி.எம். தேடி ஓடினேன்.

வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். 11.6 கிராம், சரியாக இருந்தது. சுண்டிப் பார்த்தேன். கணீரென்று ஒலித்தது. அடுத்த நாள் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த கொலுசுப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் விளிம்பை உரைகல்லில் லேசாக இழுத்து, ஒரு சொட்டு திராவகம் விட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல வெள்ளிங்க, இந்தக் காலத்துல இப்படி வராது" என்றார். நான் மிதந்துகொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேஷியர் ஐயா கையில் கொடுத்தேன். அவர் எடை போடவில்லை, சுண்டவில்லை. ஜன்னல் பக்கம் போய், காசைச் சாய்த்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "ஒன்பதோட வயித்துக்குக் கீழ, இடது பக்கம் பாருங்க" என்றார். அந்த இடத்தில் மட்டும் காசின் பரப்பு வேறு மாதிரி இருந்தது. வழவழவென்று, நக்கி எடுத்தாற்போல. சுற்றி எழுபது வருஷத்து மங்கல், அங்கே மட்டும் ஒரு கடுகளவு பளபளப்பு. எட்டின் கீழ்ச்சுழியில் இடது பாதியைச் சுரண்டி எடுத்தால் ஒன்பது. வெள்ளி நிஜம், எடை நிஜம், ஜார்ஜ் நிஜம். ஒரே ஒரு வளைவுதான் பொய். பட்டறைக்காரர் சொன்னதும் சரிதான், அவர் வெள்ளியைத்தானே பார்த்தார்.

"இருபத்திரண்டாயிரம் பீஸ் கட்டிப் படிச்ச மாதிரி வச்சுக்குங்க" என்றார் ஐயா. கவரில் போட்டு '1939 – டூப்' என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். டிராயரில் இருக்கிறது.

அதனால்தான் வால்டன் காசின் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிறுவனத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்த ஆள்மேல் கோபமே வராது. வருஷத்து எண்ணைச் சுற்றி ஏதோ சரியில்லை. திருத்தித்தான் இருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு முறை சூடுபட்ட கை அப்படித்தான் சொல்லும். ஆனால் 1962இல் மற்ற நான்கும் அவர் எதிரில் இல்லை. ஒரே அச்சில் அடித்த காசுகளுக்கு ஒரே மச்சம் இருக்கும். அச்சில் ஒரு கீறல் இருந்தால் எல்லாக் காசிலும் அதே இடத்தில் அதே கோடு. பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மச்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்தில் வைக்கிற சந்தர்ப்பம் 41 வருஷம் கழித்து வந்தது. 2003இல் பால்டிமோரில் நாணயவியல் சங்கத்தின் கண்காட்சி. தெரிந்த நான்கு காசுகளையும் ஒரே இடத்தில் காட்ட ஏற்பாடு. காணாமல் போன ஐந்தாவதுக்குப் பத்து லட்சம் டாலர் என்று ஒரு நாணய நிறுவனம் அறிவித்தது. செய்தி வர்ஜீனியாவுக்கும் போனது. தங்கையின் பிள்ளைகள் பீரோவைத் திறந்தார்கள். எடுத்துக்கொண்டு பால்டிமோர் வந்தார்கள்.

ஜூலை 29ஆம் தேதி இரவு, கண்காட்சி தொடங்குவதற்கு முன்னால், பாதுகாப்பான ஓர் அறையில் ஆறு நிபுணர்கள் உட்கார்ந்தார்கள். மேசைமேல் நான்கு காசுகள், அவற்றின் பக்கத்தில் ஐந்தாவது. நள்ளிரவையொட்டி ஆறு பேரும் ஒரே தீர்ப்பு சொன்னார்கள். நிஜம். வருஷத்தைச் சுற்றி இருந்த குறை திருத்தியதால் வந்ததில்லை, அரைகுறை வேலையாக அடித்ததால் வந்தது. பிரவுன் செய்த வேலையின் லட்சணமே அதை நாற்பது வருஷம் செல்லாக்காசாக்கி வைத்திருந்திருக்கிறது. நான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும்வரை எந்த ஏலத்தையும்விட அந்த அறையில் ஒரு மூலையில் நின்றிருக்க முடிந்திருந்தால் போதும் என்று நினைப்பேன்.

செல்லாக்காசு என்றதும் இன்னொன்று. 1933 இருபது டாலர் தங்கக் காசு 4,45,500 அடித்தார்கள். அந்த வருஷமே ரூஸ்வெல்ட் தங்கக் காசை நிறுத்திவிட்டதால் ஒன்றுகூடப் புழக்கத்துக்கு விடவில்லை, உருக்கினார்கள். வெளியே கசிந்ததையெல்லாம் திருட்டுப் பொருள் என்று அரசாங்கம் துரத்தித் துரத்திப் பிடித்தது. வழக்குக்குப் பிறகு ஒன்றே ஒன்றைத் தனியார் வைத்துக்கொள்ள அனுமதித்து 2002 ஜூலை 30இல் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். போன விலை 75,90,020 டாலர். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இருபது டாலர் எதற்கு? அதுவரைக்கும் அது காசே கிடையாது, வெறும் தங்க வில்லை. அரசாங்கக் கஜானாவில் இருபது டாலர் கட்டிய பிறகுதான் சட்டப்படி நாணயம் ஆனது. 2021இல் அதே காசு 1,88,72,250 டாலருக்குப் போனது. அக்கசாலையிலிருந்து கள்ளத்தனமாக வந்த தங்கத்துக்கு வழக்கு, கைது, பறிமுதல். அதே அக்கசாலையிலிருந்து அதே மாதிரி வந்த அஞ்சு சென்டுக்குக் கண்ணாடிப் பெட்டியும் கைதட்டலும். இதில் நியாயம் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு ஐந்து காசும் பிடிக்கும், பிரவுனைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

பால்டிமோருக்குப் பிறகு அந்தக் குடும்பம் காசை உடனே விற்கவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் நாணயவியல் சங்க அருங்காட்சியகத்தில் பத்து வருஷம் பார்வைக்கு வைத்தார்கள். பிறகுதான் உடன்பிறந்தவர்கள் நான்கு பேரும் பேசி ஏலத்துக்குக் கொடுத்தது. தரம் எழுபதுக்கு 63 என்று முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் காசு. ஏலப் பட்டியலில் பக்கம் பக்கமாக வரலாறு. போலி என்று சொன்னதையும் ஒளிக்கவில்லை. ஒளிப்பார்களா? நாற்பது வருஷம் போலி என்று பெயர் வாங்கியதால்தானே அதன் கதைக்கு விலை.

நாங்கள் ஏழு பேரும் இணையத்தில் பார்ப்பது என்று முடிவு. ஒருவர் வீட்டில் கம்ப்யூட்டர், அவர் வீட்டம்மா காபி போட்டுத் தருவதாகவும் ஏற்பாடு. ஆனால் 2013 கோடையைத் தமிழ்நாட்டில் கழித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி போன கரண்ட் வரவே இல்லை. யு.பி.எஸ். அரை மணி நேரம் கீச்கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. விசிறியால் விசிறிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, நாங்களே ஏலம் விட்டுக்கொண்டோம். "முப்பத்தஞ்சு லட்சம்... ஒரு தரம்... ரெண்டு தரம்..." கேஷியர் ஐயா பாதியில் தூங்கிவிட்டார்.

கரண்ட் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுத்தியல் விழுந்தது 27 லட்சத்தில். வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் பதினேழரை சதவீதம் சேர்த்து 31,72,500 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 17 கோடி ரூபாய். வாங்கியது இரண்டு நாணய வியாபாரிகள் சேர்ந்து. அதில் ஒருவர் கென்டகியைச் சேர்ந்த ஜெப் காரெட். அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. 2003 ஜூலை இரவில் பால்டிமோரில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். போலி என்ற பெயரோடு வந்த காசை உற்றுப் பார்த்து நிஜம் என்று சொன்ன ஆளே, பத்து வருஷம் கழித்துத் தன் பணத்தை அதன்மேல் வைத்திருக்கிறார்.

ஐயாவை எழுப்பிச் சொன்னேன். "பார்த்த கண்ணு விடுமா?" என்றார். முப்பது லட்சம் என்று சொன்னவருக்குப் பந்தயப் பணம் நூறு ரூபாய் போனது.

கேஷியர் ஐயா 2019இல் காலமானார். ஒரு வருஷம் கழித்து அவர் மகன் கூப்பிட்டான். "அப்பா கவரையெல்லாம் ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கண்ணா. எது தேறும், எது தேறாதுன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல." போனேன். முந்நூறு கவருக்கு மேல். ஒவ்வொன்றிலும் அந்தக் காசாளர் கையெழுத்தில் வருஷம், எடை, வாங்கிய இடம், கொடுத்த விலை. வங்கிப் பேரேடு மாதிரி. ஒரு கவரில் மட்டும் விவரமே இல்லை. '1939' என்று போட்டு, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் அதை எங்களிடம் காட்டியதில்லை.

ஜன்னல் பக்கம் போனேன். அவர் செய்தது போலவே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்பதின் கீழே இடது பக்கத்தில் நக்கிய பளபளப்பு இல்லை. ஆனால் வால் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. தடிமன்தானா, என் டிராயரில் இருக்கிற கவர் என்னை அப்படிப் பார்க்க வைக்கிறதா? பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னிடம் நிஜமான 1939 கிடையாது. 'டூப்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"இதெல்லாம் வெள்ளி விலைக்குப் போட்டுடலாங்களாண்ணா? செவ்வாய்ப்பேட்டையில கிலோ கணக்குல எடுத்துக்கறாங்க" என்றான்.

"மத்ததை என்ன வேணா பண்ணு. இதை மட்டும் யாருக்கும் குடுக்காத. தரச் சான்றுக்கு அனுப்பு, நான் பாரம் பூர்த்தி பண்ணித் தர்றேன்" என்றேன்.

பாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன். இன்னும் அனுப்பவில்லை. பிள்ளை படிப்பு, வீட்டு வேலை, ஏதோ ஒன்று. போன மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டேன்.

"பீரோவுலதான் இருக்குதுங்கண்ணா" என்றான், "எங்க போயிடப் போகுது."